விசில் கேட்டால் நிற்க வேண்டும்

கொழும்பில் நான் பார்த்த முதல் அதிசயம் ஒரு பஸ் நின்றதுதான். அங்கே ஸ்டாப் இல்லை, சிக்னல் இல்லை, குறுக்கே மாடும் வரவில்லை. ரோட்டில் மஞ்சள் பட்டைகள் போட்டிருந்த இடத்தில், குடை பிடித்த ஓர் அம்மாள் ஒற்றைக் காலை எடுத்து வைத்தார். அவ்வளவுதான். பஸ் நின்றது. பின்னால் வந்த லாரி நின்றது. எதிரே வந்த மூன்று ஆட்டோக்களும் நின்றன. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. அம்மாள் தன் வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல நிதானமாக நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். நான் வேன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கைதட்டிவிட்டேன்.

"மிஸ், கைய உள்ள எடுங்க. முன்னால செக் பொயின்ட் இருக்கு," என்றார் வேனை ஓட்டிய செபமாலை அண்ணன்.

கைதட்டியதற்குக் காரணம் என் தொழில். திருச்சியில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். மஞ்சள் பட்டை தெரிந்ததும் வண்டி நிற்பதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், பாடமாக ஒப்பித்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். எங்கள் ஊரில் பட்டை இருக்கிறது. அதன்மேல் பூக்கடை இருக்கிறது.

உண்மையைச் சொன்னால், என் பாடத்தில் பாதி கார் ஓட்டுவது, மீதிப் பாதி ஃபைன் கட்டாமல் தப்பிப்பது. பாலம் இறங்கும் இடத்தில் மாதக் கடைசியில் செக்கிங் இருக்கும், சந்து வழியாகப் போ. ஒரிஜினல் லைசன்ஸைப் பீரோவில் பூட்டிவிட்டு ஜெராக்ஸைப் பையில் வை, பிடுங்கிக்கொண்டாலும் நஷ்டமில்லை. சிக்னலில் கோட்டைத் தாண்டிவிட்டாயா, இன்னும் நாலடி முன்னால் போய் நில், கான்ஸ்டபிள் முதுகுப் பக்கம் போய்விடுவார். விசில் அடித்தால் காதில் விழாததுபோல் போய்க்கொண்டே இரு, அவரிடம் இருப்பது சைக்கிள். என் மாணவிகள் இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பதினொரு வருடத்தில் நான் ஒரு ரூபாய் ஃபைன் கட்டியதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

இந்தப் பெருமையை நம்பித்தான் சாந்தினி என்னைக் கொழும்புக்கு அழைத்திருந்தாள். திருச்சிக் கல்லூரியில் என்னோடு படித்த யாழ்ப்பாணத்துப் பெண். நான் கொழும்புக்குப் போனபோது போர் இன்னும் முடிந்திருக்கவில்லை. ஊரை விட்டு வந்து வெள்ளவத்தையில் ஒரு சிறிய ஃபிளாட்டில் இருந்தாள். விடியற்காலையில் எழுந்து எண்பது பார்சல் சாப்பாடு கட்டுவாள். அவற்றைக் கொள்ளுப்பிட்டியில் இருக்கும் நாலு அலுவலகங்களுக்குப் பன்னிரண்டரை மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவளும் அவள் அம்மாவும் சாப்பிடுவது அந்த வருமானத்தில்தான். வேன் அவளுடையது. ஓட்டுவது கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த செபமாலை அண்ணன். அவருக்குக் கத்தாரில் வேலை கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை விமானம்.

"வேற ட்ரைவர் கிடைக்காதாடி?" என்று கேட்டேன், வந்த அன்று மாலை.

"ஆர் வருவினம்? ஒரு நாளைக்கு அஞ்சு செக் பொயின்ட். தமிழ் ஆக்கள் வரமாட்டினம். தெரியாத ஆக்கள நான் ஏத்தமாட்டன். நானே வேன் ஓட வேணும். வியாழக்கிழமை ட்ரயல். இதோட மூண்டாந்தரம்," என்றாள்.

ட்ரயல் என்றால் அங்கே லைசன்ஸுக்கு ஓட்டிக் காட்டும் பரீட்சை. இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறையும் போனால் எண்பது பார்சலும் போயிற்று. அன்று திங்கட்கிழமை. என்னிடம் இரண்டே நாள் இருந்தது. எனக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. இறுதி ஆட்டத்துக்கு முன்னால் டீம் கையில் கிடைத்த கோச் போல இருந்தேன். அந்த உற்சாகத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் என்று அவர்கள் சொல்லும் ரொட்டியும் சம்பலும் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். தேங்காய்ச் சம்பலில் ஏதோ ஒரு ருசி நாக்கைக் கட்டிப்போட்டது. மறுநாள் கேட்டபோதுதான் மாசி என்றாள். காயவைத்த மீன். எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. "ஐயோ, நீ இன்னும் சைவமே? கல்லூரியில பிரியாணி சாப்பிட்டனியே," என்றாள். அது வேறு கதை. அன்று காலையும் சம்பல்தான் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, பார்சல் கொடுத்து முடிந்ததும், கொட்டாஞ்சேனைக்குப் போனோம். ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுக்கும் பழக்கத்துக்கு வெள்ளவத்தையின் தட்டை ரோடு உதவாது. கொட்டாஞ்சேனைச் சந்துகளோ துறைமுகத்தைப் பார்த்து ஏறி இறங்கும். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்தில் உள்ளூர் லைசன்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும் என்பதால் செபமாலை அண்ணன் முன் சீட்டில் அமர்ந்தார். நான் பின் சீட்டில், காலிப் பார்சல் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கத்தினேன்.

"கிளட்ச விடுடி! மெதுவா! ஹாரன் அடி!"

"ஏன் ஹோர்ன்? ஒருத்தரும் இல்லையே."

"வருவாங்க! வரதுக்கு முன்னாடியே அடி!"

செபமாலை அண்ணன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னப் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு மீன்காரர் சைக்கிளை ஓரம்கட்டிவிட்டு, தன் பங்குக்கு அவரும் சிங்களத்தில் பாடம் நடத்தினார். அரை மணி நேரத்தில் சாந்தினி ஏற்றத்தில் ஓர் அங்குலம் பின்வாங்காமல் வண்டியை எடுத்தாள். நான் கூடைகளின் மேலேயே எழுந்து குதித்தேன். தலை கூரையில் இடித்தது. செபமாலை அண்ணனின் மனைவி ஜன்னல் வழியாக எல்லோருக்கும் பிளேன்டீ நீட்டினார், கடித்துக்கொள்ளப் பனங்கட்டியோடு.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. வண்டி அவள் கைக்கு நன்றாக அடங்குகிறது. பின்னால் எடுப்பது சுத்தம். நேர் ரோட்டில் விட்டால் மட்டும் திடீர் திடீரென்று பிரேக் அடிக்கிறாள். முன்னால் ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. கேட்டால், "தெரியேல்ல," என்கிறாள். இரண்டு ட்ரயலிலும் அதற்காகத்தான் ஃபெயிலாக்கியிருக்கிறார்கள்.

"உனக்கு தைரியம் பத்தல. நாளைக்கு நான் ஓட்டிக் காட்டுறேன் பாரு," என்றேன்.

புதன்கிழமை நல்ல சந்தர்ப்பம் அமைந்தது. செபமாலை அண்ணனுக்குப் பயணச் சீட்டு வாங்கப் போக வேண்டியிருந்தது. என்னிடம் வெளிநாட்டில் ஓட்டுவதற்கான அனுமதிப் புத்தகம் இருந்தது, முத்திரை குத்தியது. எண்பது பார்சலையும் ஏற்றிக்கொண்டு பதினொன்றரைக்கு வெள்ளவத்தையிலிருந்து கிளம்பினேன். பக்கத்தில் சாந்தினி. இடது பக்கம் சந்துக்குச் சந்து கடல் எட்டிப் பார்த்தது. காற்று உப்பாக அடித்தது. வண்டி எண்ணெய் போட்டதுபோல ஓடியது. திருச்சியில் இப்படி ஒரு ரோடு இருந்தால் நான் சம்பளமில்லாமல் வேலை செய்வேன் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கொள்ளுப்பிட்டி நெருங்கும்போது முன்னால் போன பஸ் நின்றது. நம் ஊரில் முன்னால் பஸ் நின்றால் என்ன அர்த்தம்? ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடி, தாண்டு. கை தானாகச் செய்தது. நடுக்கோட்டைத் தாண்டி, ஹாரனை அழுத்தி, பஸ்ஸைக் கடந்தேன். அந்தப் பஸ் எதற்காக நின்றது என்று அப்போதுதான் தெரிந்தது. மஞ்சள் பட்டையில் ஒரு டீச்சரம்மா நடந்துகொண்டிருந்தார். என் ஹாரனைக் கேட்டுப் பின்னால் துள்ளினார். கையிலிருந்த நோட்டுகள் ரோட்டில் சிதறின.

விசில் கேட்டது. நான் போய்க்கொண்டே இருந்தேன்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். யோசித்துச் செய்யவில்லை. பதினொரு வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என் காலுக்கும் ஏறியிருந்தது. விசில் கேட்டதும் ஆக்ஸிலேட்டரை மிதித்தது அந்தக் கால்தான். இரண்டாவது விசில் வந்தது. நூறடி தள்ளி மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற சிப்பாய் திரும்பிப் பார்த்தான். அவன் துப்பாக்கி தோளிலிருந்து கைக்கு வந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நிப்பாட்டு! உனக்கு விசரா? சுடப்போறாங்கள்!"

சாந்தினி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். வேன் ஒரு பக்கமாகச் சறுக்கி நின்றது. பின்னால் கூடைகள் உருண்டன. அவள் இரண்டு கைகளையும் டாஷ்போர்டின் மேல் விரித்து வைத்தாள். "நீயும் வை. ஸ்டியரிங்ல. அசையாத," என்றாள். குரல் நடுங்கவே இல்லை. நானும் வைத்தேன்.

ஓடி வந்த போலீஸ்காரர் லைசன்ஸ் கேட்டார். என் பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தேன். லைசன்ஸுக்கு ஜெராக்ஸ், அனுமதிப் புத்தகத்துக்கு ஜெராக்ஸ், பாஸ்போர்ட்டுக்கு ஜெராக்ஸ். ஒரிஜினல் எல்லாம் பத்திரமாக வெள்ளவத்தை அலமாரியில் இருந்தன. விசிலுக்கு நிற்காத வேன், ஒரிஜினல் ஒன்றுமில்லாத ஒரு பெண், யாழ்ப்பாணத்தில் பிறந்ததாக அடையாள அட்டை சொல்லும் இன்னொரு பெண், பின்னால் எண்பது பொட்டலம். அவர்கள் இடத்தில் இருந்து யோசித்துப் பார்த்தால், எனக்கே என்மேல் சந்தேகம் வரும்.

பார்சல்களை இறக்கச் சொன்னார்கள். பத்துப் பதினைந்து பொட்டலத்தைப் பிரித்துக் கோலால் கிளறினார்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய், பொரித்த மீன். மூன்று மணிக்கு எழுந்து அவள் சமைத்தது. பிறகு எங்களைப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சாந்தினியின் அடையாள அட்டையைப் போலீஸ்காரர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த அட்டை இல்லாமல் மறுநாள் அவளை ட்ரயலுக்குள் விடமாட்டார்கள். அதைவிட, அது இல்லாமல் அவள் தெருவில் இறங்கவே முடியாது.

நிலையத்திலிருந்து செபமாலை அண்ணன் வீட்டுக்கு ஃபோன் செய்ய விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் அவர் வந்துவிட்டார், முதலில் வெள்ளவத்தைக்குப் போய் என் ஒரிஜினல்களையும் எடுத்துக்கொண்டு. வந்தவர் என்னைத் திட்டவில்லை. "மிஸ், இஞ்ச ஃபைன் கட்டுறது தபால் கந்தோர்ல. ஃபைன் எழுதின துண்டத் தாங்க, நான் கட்டிட்டு வாறன். நீங்க வாயத் திறக்காம இருங்க," என்றார்.

பெரிய அதிகாரி வயதானவர். என் ஒரிஜினல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார். ஏன் நிற்கவில்லை? என்ன வேலை செய்கிறீர்கள்?

"கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன்," என்றேன்.

அவர் அதைச் சிங்களத்தில் உரக்கச் சொன்னார். நிலையமே சிரித்தது. லாக்கப்பில் இருந்த ஒருவர்கூடச் சிரித்தார். நானும் இளித்துவைத்தேன். ஃபைன் ரசீது வந்தால் நீங்கள் போகலாம் என்றார். என் வேலை முடிந்தது.

பிறகு சாந்தினியைக் கூப்பிட்டார்கள். வண்டியை ஓட்டாத சாந்தினியை. முக்கால் மணி நேரம் நடந்தது. ஃபைன் கட்டிவிட்டுத் திரும்பியிருந்த செபமாலை அண்ணன் என் காதருகே மொழிபெயர்த்தார். எப்போது கொழும்புக்கு வந்தாய்? எதற்கு? யாழ்ப்பாணத்தில் யார் இருக்கிறார்கள்? தம்பி எங்கே? பிரான்சுக்கு எப்படிப் போனான்? யார் காசு கொடுத்தது? இந்தியாக்காரியை எப்படித் தெரியும்? எந்தக் கல்லூரி? அங்கே வேறு யாரெல்லாம் படித்தார்கள்? மறுபடியும், தம்பி எங்கே? அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரிக் குரலில், கேட்டு முடிப்பதற்கும் சொல்லத் தொடங்குவதற்கும் இடையில் ஒரே அளவு இடைவெளி விட்டுப் பதில் சொன்னாள். இது அவளுக்கு முதல் தடவை அல்ல என்று எனக்கு அப்போது தெரிந்தது. செபமாலை அண்ணன், "எங்கட ஆக்கள் இந்த ஊர்ல ஒரு பிழையும் விட ஏலாது மிஸ். ஒரு சின்னக் கோட்டத் தாண்டினாலும் இவ்வளவு தூரம் வரும்," என்றார்.

நாலரை மணிக்கு அட்டையும் வேனும் திரும்பி வந்தன. வெளியே வந்ததும் நான் ரோட்டிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னித்துவிடு என்று எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது.

"அழாத. ஆக்கள் பாக்கினம்," என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "உனக்கு ஃபைன். எனக்கு இது. அதாலதான் நான் பயந்து பயந்து வேன் ஓடுறனான்," என்றாள்.

அந்தக் கணத்தில் எனக்கு உறைத்தது. நேர் ரோட்டில் ஆளில்லாத இடத்தில் அவள் ஏன் பிரேக் அடித்தாள்? முந்தின நாள் அவள் பிரேக் அடித்த இடங்களை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு வங்கியின் காவலாளி. மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு சிப்பாய். ஒரு பள்ளிக்கூட வாசலில் சாரணர் சீருடை போட்ட ஓர் ஆள். அவள் ரோட்டைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் காக்கி தெரிகிறதா என்று பார்த்தே ஓட்டியிருக்கிறாள்.

என் மாணவிகளும் அதையேதான் செய்கிறார்கள். நான்தான் அப்படி ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். காக்கி தெரிந்தால் மெதுவாகப் போ, தெரியாவிட்டால் பற. அவர்கள் தப்பிப்பதற்குப் பார்க்கிறார்கள், இவள் பயத்தில் பார்க்கிறாள். ரோட்டைப் பார்ப்பவர் யாரும் இல்லை. இவ்வளவு வருடம் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது. கோபத்தோடு ஒரு பெரிய சந்தோஷமும் வந்தது. டாக்டருக்கு நோய் பிடிபட்டுவிட்டது!

"அண்ணே, சாவியக் குடுங்க. வெளிச்சம் இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு," என்றேன்.

மறுபடியும் கொட்டாஞ்சேனை. இந்தத் தடவை நான் கத்தவில்லை. ஒரே ஒரு விளையாட்டு வைத்தேன். ரோட்டில் என்ன தெரிகிறதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். ரோட்டில் உள்ளது மட்டும்தான். ஓரத்தில் உள்ளது வேண்டாம்.

"குழி. நாய். சைக்கிள். மஞ்சள் கடவை, ஒரு ஐயா நிக்கிறார், நிப்பாட்டுறன். போயிட்டார், எடுக்கிறன். த்ரீவீலர் திரும்புது..."

முதலில் திக்கினாள். பிறகு ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை சொல்வதுபோல வேகம் பிடித்தது. கோயில் முகப்பைத் தாண்டும்போது ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். நானும் செபமாலை அண்ணனும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். "வாழைப்பழத் தோல்," என்று சொல்லிக்கொண்டே அவள் ஒரே வேகத்தில் அவரைக் கடந்தாள். கடந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. செபமாலை அண்ணன் சீட்டில் திரும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வியாழக்கிழமை காலை ட்ரயல். அன்றைக்குப் பார்சல் இல்லை என்று சாந்தினி முன்பே சொல்லிவைத்திருந்தாள். எங்களை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கையில் ஆளுக்கொரு மீன் பணிஸ், உள்ளே மீன் வைத்த பன். கடிக்க மனமில்லை. ஏற்றம் முடித்தாள். பின்னால் எடுத்தாள். பரீட்சகரை ஏற்றிக்கொண்டு ரோட்டுக்குப் போனாள். இருபது நிமிடம் ஆளையே காணோம். செபமாலை அண்ணன் பைக்குள் ஜெபமாலை உருட்டினார். வேன் திரும்பி வந்தபோது அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. பரீட்சகர் இறங்கினார். தலையைச் சொறிந்தார். எங்கள் பக்கம் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார்.

"இந்த நோனா எப்பவும் இப்பிடித்தான் தனியாக் கதைப்பாவா எண்டு கேக்கிறார்," என்றார் செபமாலை அண்ணன். பிறகு கூச்சல் போட்டார். "பாஸ்! மிஸ், பாஸ்!"

நான் அந்த வேலியைத் தாண்டிக் குதித்தேன். அது எந்தச் சட்டத்துக்கு விரோதம் என்று எனக்குத் தெரியாது, யாரும் விசில் அடிக்கவில்லை. அந்த மீன் பணிஸ் இரண்டையும் நானே சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடியலில் செபமாலை அண்ணன் விமான நிலையத்துக்குப் போய்விட்டார். பதினொன்றரைக்கு எண்பது பார்சலையும் ஏற்றினோம். புதன்கிழமை சோறு கிளறப்பட்டதையும் பார்சல் ஒன்றுகூட வந்துசேராத காரணத்தையும் கேட்டுவிட்டு, நாலு அலுவலகமும் அவளுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்திருந்தன. சாந்தினி சாமி கும்பிட்டுவிட்டு ஏறினாள். நான் பக்கத்தில் ஏறினேன். என் பையில் அன்று ஒரிஜினல்கள் மட்டுமே இருந்தன.

முதல் செக் பொயின்ட். பத்து வண்டிக்குப் பின்னால் எங்கள் முறை வந்தது. இளம் சிப்பாய் ஒருவன் ஜன்னலில் குனிந்து அடையாள அட்டை கேட்டான். சாந்தினி நேற்றுக் கிடைத்த தற்காலிக லைசன்ஸ் தாளை நீட்டினாள். அவன் தலையை ஆட்டி, அடையாள அட்டை என்றான் மறுபடி.

"அதுவும் தாறன். முதல்ல இதப் பாருங்கோ," என்றாள் தமிழில். பிறகு அதையே சிங்களத்தில் சொன்னாள்.

அவன் தாளை வாங்கினான். தேதியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "நேற்றா?" என்று கேட்டான். அவள் ஓம் என்று தலையசைத்தாள். அவன் சிரித்துவிட்டான். சின்னப் பையனின் சிரிப்பு. அந்தப் பக்கம் நின்ற இன்னொரு சிப்பாயிடம் தாளைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னான். அவனும் சிரித்துக் கட்டை விரலை உயர்த்தினான்.

பிறகு அவன் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடையாள அட்டையை வாங்கினான். படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், பிறந்த இடத்தை இரண்டு முறை வாசித்தான். சிரிப்பு போய்விட்டது. தம்பி இருக்கிறானா என்று கேட்டான். சாந்தினி ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி, அதே குரலில் பதில் சொன்னாள். கண்கள் மட்டும் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.